உளவியல் கற்கப் புறப்பட்ட பிள்ளைக்காக

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கச்சான் காற்று பிற்பகல் முழுவதும் படலையை அடித்துக்கொண்டிருக்கிறது; மற்றபடி இங்கே எல்லோரும் நலம். உமது முழங்கால் வலி தணிந்திருக்கிறது என்று அறிந்து ஆறுதல் அடைந்தேன். மகளுக்கு முதலாம் ஆண்டில் உளவியல் ஒரு பாடமாக வாய்த்திருக்கிறது என்றும், விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால் பிள்ளை திகைத்துப்போயிருக்கிறாள் என்றும், இணையத்தில் எதைப் பார்த்துப் படிக்கலாம் என்று என்னிடம் கேட்டுச் சொல்லும்படி உம்மை நச்சரிக்கிறாள் என்றும் எழுதியிருந்தீர். ஓய்வுபெற்ற பிறகு மூதூர், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் ஏழெட்டுப் பிள்ளைகளோடு என் வீட்டு விறாந்தையில் இதே பாடத்தை மூன்று ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நாம் படித்த காலத்தில் ஒரே ஒரு ஆங்கிலப் பாடநூலை இருவரும் முறைவைத்து இரவல் எடுத்து, நினைவு பற்றிய இயலை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டது உமக்கு நினைவிருக்கும். இன்றைய பிள்ளைகள் ஒரு சொல்லைத் தேடினால் நூறு காணொளிகள் வந்து விழுகின்றன. பத்து நிமிடம் இதில், ஐந்து நிமிடம் அதில் என்று பார்த்துவிட்டு, மாலையில் என்ன கற்றாய் என்று கேட்டால் விழிக்கிறார்கள். எனவே முதலில் ஒரு நூலை முதுகெலும்பாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லும். ஹூஸ்ரன் நகரிலுள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டக்ஸ் திட்டம் 2014 இல் வெளியிட்டு, 2020 இல் திருத்தி இரண்டாம் பதிப்பாகத் தந்த அறிமுக உளவியல் நூல் அதற்கு ஏற்றது. அதில் 16 இயல்கள் இருக்கின்றன; ஒவ்வோர் இயலின் முடிவிலும் கலைச்சொற்களும் சுருக்கமும் மீட்டல் வினாக்களும் வருகின்றன. ஒரு சதமும் செலுத்தாமல் முழு நூலையும் பி.டி.எப். கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். கோப்பு பெரியது என்பதால், வை-பை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் பிறகு டேட்டாச் செலவு இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒருவர் இறக்கியதை மற்றவர்களுக்குக் கைபேசி வழியாகவே கடத்திவிடுகிறார்கள். அந்நூலின் உரிமம் அப்படிப் பகிர்வதை அனுமதிக்கிறது.

காணொளிகளில் யேல் பல்கலைக்கழகத்தில் போல் புளூம் 2007 இல் நடத்திய அறிமுக உளவியலின் 20 விரிவுரைகளை நான் முதலில் வைப்பேன். அவற்றுக்கு எழுத்துப்படியும் ஒலிக்கோப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆங்கிலம் காதில் பிடிபடாத பிள்ளைக்கு அந்த எழுத்துப்படி எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஜோன் கப்ரியேலி 2011 இல் நடத்திய விரிவுரைகள் மூளையின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தவை. பிள்ளை அந்தப் பகுதிக்கு வரும்போது பார்த்தால் போதும். ஹாங்க் கிரீன் வழங்கும் 40 பகுதிகள் கொண்ட கிராஷ் கோர்ஸ் தொடர் எல்லோருக்கும் பிடிக்கிறது. ஆனால் அவர் பேசும் வேகத்துக்கு எம் பிள்ளைகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. யூரியூப்பில் வேகத்தைக் குறைத்து, இயலை வாசித்த பின் மீட்டலாக மட்டும் பார்க்கச் சொல்லுகிறேன்.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக உமது மகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. உளவியல் தன்னைக் கற்கும் வழியையும் தானே ஆராய்ந்து வைத்திருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாயைப் பற்றியும் சிறு பந்திகளைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மறு சாரார் ஒருமுறை வாசித்துவிட்டுத் தாளை மூடி, நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். காணொளியைப் பார்த்து முடித்தவுடன் எல்லாம் விளங்கிவிட்டது என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிடத்து வெற்றி போன்றது. பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது அது நம்மோடு வராது. எனவே ஒவ்வோர் இயலின் மீட்டல் வினாக்களையும் நூலை மூடிவைத்துவிட்டுச் செய்யட்டும், மறுநாளும் செய்யட்டும், ஒரு வாரம் விட்டு மீண்டும் செய்யட்டும்.

அடுத்தது, சோதனைகளைத் தன்மேலேயே செய்து பார்ப்பது. சைரூல்கிட் என்ற இணையத்தளத்தில் புகழ்பெற்ற உளவியல் சோதனைகள் பலவற்றைக் கணினியிலேயே செய்து, துலங்கலுக்கு, அதாவது பதில் செய்கைக்கு, எடுத்த நேரத்தை மில்லிசெக்கனில் பார்க்கலாம். ஜோன் ரிட்லி ஸ்ரூப் 1935 இல் வெளியிட்ட நிறப்பெயர்ச் சோதனையும் அவற்றுள் ஒன்று. ஆனால் அது ஆங்கிலச் சொற்களில் இருந்தபடியால், நாங்கள் தமிழிலும் ஒன்று செய்வோம் என்று மட்டை வெட்டி, மார்க்கர் பேனையால் 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையிலும் 'நீலம்' என்பதை மஞ்சள் மையிலும் இப்படியே முப்பது சொற்களை எழுதினோம். சொல்லை வாசிக்கக் கூடாது. மையின் நிறத்தை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். முன்னால் வந்தவள் கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை. எதையும் சட்டென்று விளங்கிக்கொள்பவள். முதல் வரியைக் கடந்தாள். இரண்டாம் வரியில் பச்சை மையில் இருந்த 'சிவப்பு' வந்ததும் "சி..." என்று தொடங்கிய வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லிலும் கண்ணைச் சுருக்கி, தலையைச் சரித்து, எழுத்தைப் பாராமல் நிறத்தை மட்டும் பார்க்க அவள் பட்ட பாடு இன்னும் என் கண்முன் நிற்கிறது.

பிறகு அவளிடமே ஆங்கிலச் சொற்கள் கொண்ட மட்டையைக் கொடுத்தோம். அதை அவ்வளவு தடுமாறாமல் முடித்துவிட்டாள். ஆங்கில மொழிமூலம் படித்து வந்த தம்பி ஒருவனுக்கோ இரண்டு மட்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தொல்லை கொடுத்தன. வாசிப்பு பழகிப் பழகித் தானாகவே நிகழத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த முடியாது, பழக்கம் குறைந்த மொழியில் அந்தத் தடை குறைவாக இருக்கும் என்று நான் விளக்கப் போனேன். அப்போது ஒருவன், "சேர், அவ இரண்டாவதாகத்தானே ஆங்கில மட்டையைச் செய்தவ? முதலே ஒருக்கா செய்த பழக்கமாகவும் இருக்கலாம்தானே?" என்று கேட்டான். நண்பரே, நாற்பது ஆண்டு கற்பித்ததில் இப்படி என்னை மகிழ்வித்த கேள்விகள் மிகச் சிலவே. ஆய்வு முறைகள் பற்றிய இயலை அவர்கள் அதுவரை வறட்டுப் பாடமாகவே வாசித்திருந்தார்கள். அடுத்த வாரம் மட்டைகளின் வரிசையை மாற்றி, புதிதாக வந்த இருவரோடு செய்தோம். வேறுபாடு சற்றுக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. நான்கைந்து பேரை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இணையத்தில் மிகுதியாகச் சுற்றும் கதைகளிற் சில பழுதானவை. 1964 மார்ச்சில் நியூயோர்க்கில் கிற்றி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டதை 38 பேர் யன்னல் வழியே பார்த்திருந்தும் ஒருவரும் அசையவில்லை என்ற கதையை நானும் எத்தனையோ வகுப்புகளில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் செய்தி அன்றே மிகைப்படுத்தப்பட்டது. 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குச் சான்றில்லை என்று 2007 இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரை விளக்கமாகக் காட்டியது. அதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆனால் அந்தக் கொலையைத் தொடர்ந்து லற்றானே, டார்லி என்ற உளவியலாளர்கள் 1968 இல் வெளியிட்ட சோதனைகள் உண்மையானவை. கூட இருப்பவர்கள் கூடும்போது ஒருவர் உதவிக்கு எழும் வாய்ப்புக் குறைவதை அவை காட்டின. பிள்ளை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்து 1971 இல் நடந்த ஸ்ரான்போர்ட் சிறைச் சோதனையும் அப்படித்தான். காவலர்களாக நடித்தவர்களுக்குக் கடுமையாக நடந்துகொள்ளும்படி முன்னரே தூண்டுதல் இருந்ததை 2019 இல் வெளியான ஆவண ஆய்வு எடுத்துக்காட்டிய பின்னரும், பல குறிப்புகள் அதைப் பழைய மாதிரியே சொல்லிக்கொண்டிருக்கின்றன. இங்கே ஒரு தனியார் வகுப்பில் இவ்வாண்டு கொடுத்த குறிப்பிலும் இரண்டு கதைகளும் பழைய வடிவத்திலேயே இருக்கக் கண்டு மிகவும் வருந்தினேன்.

இதற்கு மருந்து, இயலுமானபோது மூலக் கட்டுரைக்கே போவது. ரொரன்ரோவிலுள்ள யோர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்ரோபர் கிரீன், உளவியல் வரலாற்றின் செவ்வியல் எழுத்துகளை ஓர் இணையத்தளத்தில் தொகுத்து வைத்திருக்கிறார். வாட்சனும் றேனரும் அல்பேர்ட் என்ற குழந்தைக்கு வெள்ளெலியைக் கண்டு பயப்படப் பழக்கியதைப் பற்றி 1920 இல் எழுதிய கட்டுரை அங்கே உண்டு. ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். அந்தக் குழந்தையின் பயத்தை அவர்கள் பின்னர் நீக்கிவிட்டார்கள் என்று சில நூல்கள் எழுதியிருப்பது தவறு. அதற்கு முன்பே குழந்தையை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று கட்டுரையே கூறுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தமிழில் விளக்கம் கேட்பதை நான் தடுப்பதில்லை. ஆனால் இல்லாத ஆய்வொன்றை ஆண்டோடும் தலைப்போடும் அது சொன்னதை ஒருமுறை பார்த்துவிட்டேன். அது தரும் ஆய்வுப் பெயர்களை மூலத்தில் தேடிக் காணாமல் எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லும்.

இன்னொன்றையும் அவள் தொடக்கத்திலேயே அறிந்திருக்க வேண்டும். உளவியலின் முன்னணிச் சஞ்சிகைகள் சிலவற்றில் 2003 முதல் 2007 வரை வெளியான ஆய்வுகளில் பங்குபற்றியவர்களில் 96 வீதமானோர், உலக மக்களில் 12 வீதமே வாழும் மேற்கத்தேய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு கணக்கெடுப்புக் காட்டியது. அந்த நூல்கள் 'மனிதர்' என்று எழுதும் இடத்தில் எங்கள் ஊராரும் அடங்குவார்களா என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்க்க வேண்டும். என்னிடம் வரும் பிள்ளைகளிற் சிலர் 2004 சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள். ஆனாலும் இரவில் கடலின் இரைச்சல் மாறினால் தாய்மார் எழுந்து வாசலுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அச்சம் எப்படிக் கற்கப்படுகிறது என்ற பகுதியை வாசிக்கும்போது அவர்கள் அல்பேர்ட்டைப் பற்றியா நினைப்பார்கள்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வட இலங்கையின் கூட்டு மனவடுவைப் பற்றி 2007 இல் எழுதிய கட்டுரை எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய சஞ்சிகையில் இருக்கிறது. தனி மனிதரின் நோய்க்குறிகளை எண்ணினால் மட்டும் போதாது, குடும்பமும் ஊரும் சிதைவதையும் பார்க்க வேண்டும் என்று அது வாதிடுகிறது. ஆங்கிலம் கடினமாயினும் அகராதியை வைத்துக்கொண்டு அதை அவள் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

தமிழில் இருப்பவை குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'நான்' உளவியல் சஞ்சிகையின் இதழ்கள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் சில கட்டுரைகள் நன்று, சில இரண்டே வரி. சிக்கல் சொற்களில்தான். ஒரு தூண்டலுக்கு இன்ன துலங்கல் என்று பழக்குவது ஓரிடத்தில் 'நிபந்தனைப்படுத்தல்' என்று இருக்க, அதுவே வேறிடத்தில் 'ஆக்கநிலையுறுத்தல்' ஆகிவிடுகிறது. ஒரு நடத்தை மறுபடி நிகழும்படி வலுப்படுத்துவதைக் குறிக்கும் 'மீளவலியுறுத்தல்' தமிழ்நாட்டு நூலில் 'வலுவூட்டல்' ஆகிறது. கொப்பியில் மூன்று நிரல் கோடிட்டு, ஆங்கிலச் சொல், இரண்டு தமிழ்ச் சொற்கள், அருகில் தன் வீட்டிலிருந்தே ஓர் உதாரணம் என்று எழுதி வரட்டும். எதிர்மறை மீளவலியுறுத்தலைத் தண்டனை என்று எல்லாப் பிள்ளைகளும் குழப்பிக்கொள்வார்கள். எங்கள் கொப்பியில் அதற்கு எதிரே நுளம்புத் திரி என்று எழுதியிருக்கிறோம்: திரியைக் கொளுத்தினால் நுளம்புத் தொல்லை நீங்குகிறது, நீங்குவதால் நாளையும் கொளுத்துகிறோம். அதன்பிறகு ஒருவரும் அதில் தவறவில்லை. மனவெழுச்சி பற்றிய இயலில் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கூறும் ஆறு அடிப்படை உணர்ச்சிகளுக்குப் பக்கத்தில், தொல்காப்பியம் சொல்லும் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டு மெய்ப்பாடுகளையும் எழுதச் சொல்லும். எவை பொருந்துகின்றன, 'பெருமிதம்' ஏன் அந்த ஆறுக்குள் இல்லை என்று உம்மோடு அவள் வாதாடட்டும். உமக்கும் அது பிடிக்கும்.

மட்டைகள் இரண்டின் படத்தையும் வட்ஸ்அப்பில் தனியே அனுப்புகிறேன். முதலில் நீர் செய்து பாரும். பிறகு மகள் செய்யட்டும். யார் எந்த மட்டையை முதலில் செய்தீர்கள் என்பதையும் எடுத்த நேரத்தையும் மறவாமல் குறித்து எழுதும். இங்கே அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை உங்கள் இருவரின் நேரத்துக்காகக் காத்திருக்கிறான்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்