நவம்பர் தொடங்கும் முன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உடனே பதில் எழுத மனம் வரவில்லை, ஆற அமர எழுதலாம் என்று வைத்திருந்தேன். அம்மா போய் நான்கு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சிக்குத் தேதி குறித்துவிட்டார்கள், அந்தக் கூட்டத்தில் நின்று என்னால் பாட முடியாது, ஈஸ்டர் முடியும்வரை ஆலயத்துப் பக்கமே போகாமல் இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். பாட முடியவில்லை என்றால் பாட வேண்டாம். ஆனால் போகாமல் இருப்பது பற்றி எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இங்கத்துச் செய்தி. அறுப்பின் பண்டிகை நன்றாக நடந்து முடிந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற கடலோர ஊரின் குருவானவர் ராபர்ட் ஹாக்கர் 1843-ல் தன் ஆலயத்தில் நடத்திய நன்றி ஆராதனையிலிருந்துதான் இப்போதைய அறுப்பின் பண்டிகை பரவியது என்பார்கள். அன்று கதிரும் ரொட்டியும். இன்று எங்கள் பீடத்தின் முன்னால் பீன்ஸ் டப்பாக்களும் பாஸ்தா பாக்கெட்டுகளும் அடுக்கியிருக்கின்றன, திங்கட்கிழமை எல்லாம் இல்லாதவர்களுக்கு உணவு கொடுக்கும் ஃபுட் பேங்குக்குப் போய்விடும். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. குருவானவருக்கு எங்களுடையதையும் சேர்த்து ஐந்து ஆலயங்கள் என்பதால், ஒரே பண்டிகையை அவர் ஒவ்வோர் ஊராகப் போய் நடத்திவிட்டு வருகிறார். அவர் வர முடியாத ஞாயிறுகளில் ஆலயப் பொறுப்பாளர்களான வார்டன்கள் மாலை ஜெபம் வாசிக்கிறார்கள். சில நாள் நாங்கள் ஆறு பேர்தான் இருப்போம், ஆனாலும் ஜெபம் நடக்கும்.

இப்போது நான் சொல்ல வந்தது. அடுத்து வருவது கிறிஸ்மஸ் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நவம்பர் இருக்கிறது. சபை வருடத்தில் துக்கப்படுகிறவர்களுக்கென்றே ஒதுக்கின மாதம் அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1-ம் தேதி சகல பரிசுத்தவான்களின் திருநாள். மறுநாள் மரித்த விசுவாசிகள் எல்லாரையும் நினைக்கும் நாள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ம் வருஷத்து ஜெபப்புத்தகத்தில் இந்த இரண்டாவது நாளுக்கு இடமே கிடையாது. சீர்திருத்தக் காலத்தில் எடுத்ததை மறுபடி சேர்க்கவில்லை. மரித்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்பது இங்கே முந்நூறு வருஷத்துக்கு மேல் சச்சரவுக்குரிய விஷயமாகவே இருந்தது. முதல் உலகப் போர் அதை மாற்றியது. பிள்ளையைப் பிரான்சில் புதைத்துவிட்டு, கல்லறையைக்கூடப் பார்க்க முடியாத தாய்மார் வந்து நின்றபோது, அந்தப் பெயரை ஜெபத்தில் சொல்லக் கூடாது என்று பல சபைகளுக்கு மனம் வரவில்லை. கோட்பாட்டுப் புத்தகங்கள் சொல்லி வந்த மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

எங்கள் ஆலயத்தில் அக்டோபர் முழுக்கப் பின்வாசல் மேஜையில் ஒரு தாள் கிடக்கும், பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. ஞாயிறு ஆராதனைக்கு வராதவர்கள்கூட வாரநாளில் கதவு திறந்திருக்கும்போது வந்து பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். சிலர் பக்கத்தில் உறவையும் எழுதுவார்கள்: அப்பா, தங்கை, ஒரு நாள் மட்டும் உயிரோடிருந்த குழந்தை. மரித்தவர்களை நினைக்கும் அந்த நாளை ஒட்டிய ஞாயிறு பிற்பகல் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். அவசரம் இல்லை, விளக்கமும் இல்லை, வெறும் பெயர். தன் வீட்டுப் பெயர் வரும்போது எழுந்துபோய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாம். யாரும் ஆறுதல் சொல்ல வரமாட்டார்கள், அன்று அது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும்.

இந்த வருஷம் வாசிக்கிற பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பெயரைத் தாளில் எழுதிவிட்டேன், நீ வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன். உன் ஆலயத்திலும் எழுதிக் கொடு, இரண்டு இடத்திலும் வாசிக்கட்டும். ஒன்று மட்டும் சொல். தாத்தாவின் முதலெழுத்தோடு சேர்த்து வாசிக்கட்டுமா, பெயர் மட்டும் போதுமா? அம்மா எப்போதும் முதலெழுத்தோடுதான் கையெழுத்துப் போடுவார்கள் என்பது நினைவிருக்கிறது.

அதற்கு அடுத்தது போர் நினைவு ஞாயிறு. 1919-லிருந்து கடைப்பிடிக்கிற அந்த இரண்டு நிமிஷ மௌனம் உனக்குத் தெரிந்ததுதான், மணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வசந்த காலத்திலிருந்து கோபுரத்தில் மணி அடிக்கக் கற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஏணி வைத்து மேலே ஏறி, ஒவ்வொரு மணியின் நாக்கிலும் ஒரு பக்கத்துக்கு மட்டும் தோல் உறையை வார் போட்டு இறுக்குவார்கள். மறுநாள் கயிற்றை இழுத்தால் முதல் அடி எப்போதும்போல் கணீரென்று விழும். அடுத்த அடியில் அதே மணி எங்கோ தூரத்தில் ஒலிப்பதுபோலக் கேட்கும். எட்டு மணிகளும் வரிசையாகச் சத்தமாக ஒரு சுற்று, பிறகு அடங்கின குரலில் அதே சுற்று. அடக்க ஆராதனைகளுக்கும் சில சமயம் இப்படி அடிப்பதுண்டு. மணியை நிறுத்திவிடாமல், பாதிக் குரலில் அடிக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் துக்கத்தை அறிந்தவர்கள்.

இதெல்லாம் தாண்டித்தான் அட்வெந்து, கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கிற காலம். கடைகளிலும் தெருவிலும் நவம்பரிலேயே கிறிஸ்மஸ் வந்துவிடுகிறது, ஆலயத்துக்குள் வராது, வரவும் விடக் கூடாது. பழைய வழக்கப்படி அட்வெந்தின் நான்கு ஞாயிறுகளில் பிரசங்கம் நான்கு பொருள்களைப் பற்றியது: மரணம், நியாயத்தீர்ப்பு, பரலோகம், நரகம். இப்போது பல குருமார் இதைத் தொடுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உன்னைப் போல ஒருத்தி ஆலயத்துக்குள் வந்து உட்காரும்போது, மரணத்தைப் பற்றி வாய்திறக்கத் தயங்காத ஒரு சபைதானே வேண்டும்? முதல் ஞாயிற்றின் சுருக்க ஜெபம் மட்டும் அப்படியே நிற்கிறது. இருளின் கிரியைகளைத் தள்ளி ஒளியின் ஆயுதங்களைத் தரித்துக்கொள்ளக் கிருபை தா என்று கேட்கிற ஜெபம். 1549-லேயே, சீர்திருத்தக் காலத்துப் பேராயர் கிரான்மரின் முதல் ஜெபப்புத்தகத்தில் வந்துவிட்டது. 1662-ம் புத்தகம், கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்வரை அதைத் தினமும் சொல்லச் சொல்கிறது. நான் சாயங்காலம் விளக்குப் போடும்போது சொல்கிறேன். நாலு மணிக்கே இருட்டிவிடுகிற இந்த நாட்டில் அதைச் சொல்லக் காரணம் தேட வேண்டியதில்லை.

பாட்டு ஆராதனைதான் உன்னைப் பயமுறுத்துகிறது, அதுவும் எனக்குப் புரிகிறது. ஒன்பது வாசகங்களும் பாடல்களும் என்ற அந்த ஒழுங்கை 1880-ல் கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் பேராயர் எட்வர்ட் வைட் பென்சன் முதலில் அமைத்தார். பேராலயம் இன்னும் கட்டி முடியாததால் ஒரு மரக் கொட்டகையில் நடந்தது. உலகம் முழுக்கத் தெரிந்தது கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் நடப்பது. அங்கே அது தொடங்கிய வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பார்: 1918, டிசம்பர் 24. போர் முடிந்து ஆறு வாரம். ஏற்பாடு செய்த எரிக் மில்னர்-வைட் போர்முனையில் படைக் குருவாக இருந்து திரும்பியவர். அந்த ஆலயத்தில் அன்று உட்கார்ந்திருந்தவர்களில் யாரையாவது இழக்காதவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள். அதனால்தான் தொடக்க ஜெபத்தில் ஏழைகளையும் நோயாளிகளையும் துக்கப்படுகிறவர்களையும் நினைத்துவிட்டு, கடைசியில் வேறொரு கரையில், பெரிய வெளிச்சத்தில் நம்மோடு சேர்ந்து மகிழ்கிறவர்களையும் நினைக்கச் சொல்கிறார். பிறகுதான் வாசகங்கள் தொடங்கும். துக்கமில்லாதவர்களின் கொண்டாட்டமாக அது ஒருநாளும் இருந்ததில்லை.

இதைக் கிறிஸ்மஸோடு நிறுத்தவும் முடியாது. ஜெபப்புத்தகத்தில் 150 சங்கீதங்களையும் முப்பது நாளுக்குக் காலை மாலை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? ஒவ்வொரு மாதமும் 17-ம் தேதி காலையில் 88-ம் சங்கீதம் வரும். முடிவுவரை விடியாத ஒரே சங்கீதம் அதுதான் என்று சொல்லலாம். அன்று உன் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அதுதான் முறை. முன்பெல்லாம் எனக்கு இது இயந்திரத்தனமாகப் பட்டது. இப்போது அப்படி இல்லை. நான் சந்தோஷமாக இருக்கிற 17-ம் தேதியில், சங்கீதம் சொல்லத் தெம்பில்லாத யாருக்காகவோ நான் அதைச் சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து உனக்காகச் சொன்னேன். 30-ம் தேதி மாலை துதியின் சங்கீதங்கள் வரும்போது உன்னால் சொல்ல முடியாவிட்டால் பக்கத்து இருக்கையில் இருப்பவர் சொல்வார். சபை என்று ஒன்று இருப்பதே இதற்குத்தான் என்று நம்புகிறேன். நீ விலகி இருந்தாலும் அவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள், உன் காதில் விழாது, அவ்வளவுதான்.

ஒரு நாளைப் பற்றி மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்தின் நான்காம் ஞாயிறு, அன்னையர் ஞாயிறு. பிள்ளைகள் சின்னப் பூங்கொத்துகளை எடுத்துக்கொண்டு இருக்கை இருக்கையாக வருவார்கள். சில ஆலயங்களில் தாய்மாரை எழுந்து நிற்கச் சொல்லிப் பூக் கொடுப்பது உண்டு. குழந்தை இல்லாதவர்களும் தாயை இழந்தவர்களும் அங்கே எப்படி உட்கார்ந்திருப்பது? எங்கள் ஆலயத்தில் கேட்காமலே எல்லாருக்கும் கொடுக்கிறார்கள், மிஞ்சுகிற கொத்துகளைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கிறார்கள். அந்த ஞாயிறு மட்டும் நீ போகாமல் இருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஈஸ்டருக்கு ஆலயத்தில் வைக்கும் லில்லிப் பூக்களுக்குக் கண்டிப்பாகப் பணம் கட்டு. நினைவுப் பெயர்களோடு அச்சிடும் தாளில் அம்மாவின் பெயரும் வரும்.

பாடகர் குழுத் தலைவரிடம் நேரிலேயே பேசிவிடு. இந்த வருஷம் ஆல்டோ வரிசையில் நிற்கவில்லை, பின்னால் உட்காரப்போகிறேன் என்று சொன்னால் போதும், காரணம் அவருக்கே தெரியும். அப்புறம் இன்னொன்று. டிசம்பர் 21-ஐ ஒட்டி, வருஷத்தின் நீண்ட இரவில், துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று சத்தமில்லாத ஓர் ஆராதனை பல ஆலயங்களில் வைக்கிறார்கள். ஆரவாரப் பாடல்கள் கிடையாது, வாசகமும் மௌனமும் மெழுகுவர்த்தியும்தான். உங்கள் ஊர்ப்பக்கம் எங்கே நடக்கிறது என்று குருவானவரிடம் விசாரித்து எனக்கு எழுது. அந்த வாரம் எனக்கு விடுமுறை. ரயிலில் மூன்று மணி நேரம்தான், முந்தின நாளே வந்துவிடுகிறேன்.

பெயர் விஷயத்துக்கு மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு. அன்று பட்டியலைத் தட்டச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி