பருப்பு சூப்புக்கு வெண்ணெய் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்லி ஒரு பருப்பு சூப் குறிப்பு போட்டிருந்தீர்கள். வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, ஃபிரெஷ் கிரீம் கால் கப், கெட்டியாக்குவதற்குப் பாலில் கரைத்த சோள மாவு. பருப்பைக் குக்கரில் ஐந்து விசில் விட வேண்டும் என்பதோடு வேகவைக்கிற வேலையை முடித்துவிட்டார் எழுதியவர். இதில் இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்தின. ஒன்று பால், இன்னொன்று குக்கர். இரண்டிலும் என் வீட்டில் அடிபட்டிருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நீலகிரி மலைப்பாதையில் 31 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டி 2023-ல் ஓய்வு பெற்றவன். ஊட்டியில் இருக்கிறோம். என் மனைவி இன்னும் தேயிலை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகிறார். அதனால் இப்போது வீட்டுச் சமையல் என்னுடையது. மகளைக் கொடுத்திருப்பது மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்தில். பேத்திக்கு ஆறு வயது. அவளுக்குப் பால் ஒவ்வாமை. பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும் என்பார்களே, அந்த வகை இல்லை. நெய் பட்ட கரண்டியால் பரிமாறினாலே உதடு தடித்து, கழுத்து முழுக்கத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க எல்லோரும் மேலே வந்திருந்தார்கள். பூங்காவை விட்டு வெளியே வந்தபோது நல்ல குளிர். குழந்தை சூடாக ஏதாவது வேண்டும் என்றாள். ஓர் ஓட்டலில் பருப்பு சூப் இருந்தது. பாலோ நெய்யோ சேர்ப்பீர்களா என்று இரண்டு தடவை கேட்டேன். "சுத்த சைவம்தான் சார்" என்றார் பரிமாறியவர். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் வெண்ணெயும் சைவம். நாலு ஸ்பூன்தான் குடித்திருப்பாள். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் மேலுதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நாலு மணி நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அன்றைக்கு என் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நம் ஊரில் சைவம் என்றால் கறி, மீன், முட்டை இல்லை என்று மட்டுமே பொருள். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியும் அதையேதான் சொல்கிறது. பச்சைப் புள்ளி போட்ட பிஸ்கட்டில் பால் பவுடர் இருக்கும், பன்னில் இருக்கும், சூப் பாக்கெட்டிலும் இருக்கலாம். பாலும் இல்லாத உணவுக்கு வீகன் என்றும் நனிசைவம் என்றும் இப்போது பெயர் சொல்கிறார்கள். அதற்குத் தனி விதிமுறையே 2022-ல் வந்துவிட்டது, தனி முத்திரையும் இருக்கிறது. ஆனால் வீட்டு அடுப்புக்கும் ஓட்டல் அடுப்புக்கும் யார் முத்திரை போடுவது? உங்கள் பத்திரிகையில் குறிப்பு எழுதுகிறவர்கள்தான் போட வேண்டும்.

வெண்ணெய் இல்லாமல் சூப் சப்பென்று இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு என் அம்மாவின் பருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடுகளும் 1964-ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பம். 1972-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேசுவரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலை. எனக்கு அப்போது 9 வயது. இலங்கையில் தினசரிப் பருப்பு என்றால் மைசூர்ப் பருப்புதான், ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னதாக இருக்குமே, அது. அம்மா அதைப் பச்சை மிளகாய், பூண்டு, வெங்காயம், மஞ்சள் போட்டு வேகவிட்டு, இறக்குகிற சமயத்தில் தேங்காய்ப்பால் ஊற்றுவார். ரம்பை என்கிற வாசனை இலை ஒரு துண்டு கிடந்தால் லயம் முழுக்க, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்க, வாசனை வரும். ஆற ஆற, மேலே லேசாக எண்ணெய் மினுங்கும். கரண்டியில் எடுத்தால் பட்டு மாதிரி விழும். அதில் மாட்டுப்பால் ஒரு சொட்டுக் கிடையாது. நான் இன்றைக்குப் பேத்திக்கு வைக்கிற சூப் அந்தப் பருப்புதான். தண்ணீரைக் கூட்டி, மலைக்காய்கறியைச் சேர்த்திருக்கிறேன், அவ்வளவே.

இங்கே வந்த புதிதில் அம்மாவுக்கு மைசூர்ப் பருப்பு கிடைக்கவில்லை. துவரம் பருப்பை, கவ்வாத்து என்று செடியைக் கத்தரிக்கும்போது விழுகிற தேயிலைக் குச்சியை எரித்து மணிக்கணக்கில் வேகவைப்பார். வேகாது. பருப்பு மோசம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். பஸ் ஓட்ட வந்த பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. பஸ் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற ரேடியேட்டருக்கு அழுத்தம் தாங்குகிற மூடி போட்டிருப்பதும் இதே காரணத்துக்குத்தான். மூடி அழுத்திப் பிடிக்கிற வரைக்கும் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் சூட்டைத் தாங்கும்.

குக்கரும் அதேதான். சமவெளியில் வெயிட் போட்ட குக்கருக்குள்ளே ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடு போகும். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் அதே குக்கர் நாலைந்து டிகிரி குறைவாகத்தான் எட்டுகிறது. மகள் வீட்டில் துவரம் பருப்புக்கு நாலு விசில் என்றால் என் வீட்டில் ஆறு. பருப்பும் அதே மேட்டுப்பாளையம் கடைப் பருப்பு, குக்கரும் ஒரே கம்பெனி. அதனால் ஐந்து விசில் என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. அடுப்பின் வேகத்தைப் பொறுத்து விசில் கூடும், குறையும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அதிலிருந்து கடிகாரம் பார்ப்பதே சரி. மைசூர்ப் பருப்புக்குச் சமவெளியில் ஐந்தாறு நிமிஷம், இங்கே எட்டு நிமிஷம்.

என் அளவு நாலு பேருக்கு. ஐந்து லிட்டர் குக்கர். 200 மில்லி டம்ளரில் ஒரு டம்ளர் மைசூர்ப் பருப்பு, அதைக் கழுவுகிற தண்ணீர் கலங்கல் போகும் வரை நாலைந்து தடவை அலச வேண்டும். ஊட்டி கேரட் இரண்டு, பீன்ஸ் ஒரு கைப்பிடி, உருளைக்கிழங்கு ஒன்று, கிடைத்தால் வெங்காயத்தாள் மாதிரி இருக்கிற லீக்ஸ் ஒரு தண்டு. லீக்ஸ் இல்லையென்றால் சின்ன வெங்காயம் பத்து. ஊட்டிப் பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, மஞ்சள்தூள். குக்கரிலேயே ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கி, பருப்பும் காயும் போட்டு, ஐந்து டம்ளர் தண்ணீர். தக்காளியை இப்போது போடக் கூடாது. புளிப்பு சேர்ந்தால் பருப்பு குழைய நேரமாகும். மூடியைப் போடுவதற்கு முன் திறந்தபடியே ஒரு கொதி வர விட வேண்டும். ஓரத்திலிருந்து வெளிர்மஞ்சளாக நுரை கிளம்பி நடுவில் வந்து கூடும். அதைக் கரண்டியால் இரண்டு மூன்று தடவை வழித்து எடுத்துவிட்டு, அப்புறம் மூட வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் யாரும் எழுதுவதில்லை.

எழுத வேண்டிய காரணத்தைச் சொல்கிறேன். 2018 மழைக்காலத்தில் ஒரு நாள், சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று மூன்று லிட்டர் குக்கரில் துவரம் பருப்பும் பசலைக் கீரையும் கழுத்து வரை நிரப்பி வைத்தேன். அன்றைக்கு மனைவிக்குக் காலை ஷிப்ட். கால் மணி நேரம் ஆகியும் விசில் வரவில்லை. வெயிட் அசையவே இல்லை, ஓரத்தில் மட்டும் மஞ்சள் தண்ணீர் கசிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டியவன், கரண்டி நுனியால் வெயிட்டைத் தூக்கிவிட்டேன். கொதிக்கிற பருப்பு கூரை ஷீட் வரை பீய்ச்சி அடித்தது. இடது முன்கையில் ஒரு சாண் அளவுக்குத் தோல் உரிந்துவிட்டது, தழும்பு இன்றும் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு தொடாதே என்று மலைப்பாதையில் பர்லியாரில் வண்டியை நிறுத்தி எத்தனையோ புது டிரைவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மறுநாள் மூடியைக் கழுவும்போது பார்த்தேன். வெயிட் உட்காருகிற அந்தச் சின்னக் குழாய்க்குள் கீரை இலைத் துண்டு ஒன்றும், அதன் மேல் பருப்பு மாவு சிமென்ட் மாதிரி இறுகியும் கிடந்தன. தையல் ஊசியால் குத்தித்தான் எடுத்தேன்.

பருப்பு நுரைக்கும், பொங்கும். அதனால்தான் பருப்பு வைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று குக்கரோடு வருகிற புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. தண்ணீர், காய் எல்லாம் சேர்த்துத்தான் பாதி. யாரும் அதைப் படிப்பதில்லை, நானும் படிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குழாயில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். கேஸ்கட் இறுகிப் போனால் மாற்றிவிடுகிறேன். சேஃப்டி வால்வு ஒருமுறை உருகிவிட்டால் அதே கம்பெனி வால்வுதான், பக்கத்துக் கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்று இல்லை. சூப் மாதிரி கெட்டியான பொருளுக்கு, அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடவே கூடாது. தானாக அடங்கட்டும், பத்துப் பதினைந்து நிமிஷம்தான்.

மூடியைத் திறந்ததும் பருப்பு கரைந்து, காய் மட்டும் தனியாகத் தெரியும். மத்தால் நாலு கடை கடைந்தால் போதும். உருளைக்கிழங்கில் பாதி மசிந்து அதுவே கெட்டி கொடுத்துவிடும். சோள மாவுக்கு வேலையே இல்லை. சூட்டோடு மிக்சியில் போட வேண்டாம், மூடி எகிறும். இப்போதுதான் உப்பும், பொடியாக நறுக்கிய தக்காளி ஒன்றும். ஐந்து நிமிஷம் கொதித்த பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, அரை மூடித் தேங்காயின் முதல் பாலை ஊற்ற வேண்டும். பால் ஊற்றிய பிறகு கொதிக்கவிட்டால் திரிந்து திப்பி திப்பியாகிவிடும், குக்கருக்குள் முதலிலேயே ஊற்றினாலும் அப்படியே. தாளிக்கத் தேங்காய் எண்ணெயில் சீரகம், கறிவேப்பிலை, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு. குழந்தைக்கு மிளகைக் குறைத்துக்கொள்ளலாம். கடைசியில் அரை எலுமிச்சம்பழம். மைசூர்ப் பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. பால் குடிக்க முடியாத குழந்தைக்கு இது பெரிய விஷயம். ஒரு கிண்ணம் சூப்பும் கொஞ்சம் சோறும் போனால் பேத்திக்கு ராத்திரி சாப்பாடு முடிந்தது.

என் மகள் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, "இதுவும் நமக்கு இல்லைப்பா" என்று பக்கத்தைத் திருப்பினாள். எல்லோருக்கும் ஏற்றது என்று தலைப்பில் இருந்ததால்தான் அது எனக்குச் சுருக்கென்றது. ஆகவே ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வது இது: எந்தக் குறிப்பாக இருந்தாலும், பால், நெய், வெண்ணெய், தயிர், கிரீம் சேர்ந்திருந்தால் தலைப்புக்குக் கீழேயே ஒரு வரி போடுங்கள். குக்கரில் பருப்பு என்று வருகிற இடத்தில் எல்லாம் பாதி அளவு என்பதையும் நுரை எடுப்பதையும் சேர்த்துவிடுங்கள். ஒரு வரி இடம்தானே? குறிப்பைத் திருத்திப் போடுவதாக இருந்தால் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என் பெயரைப் போட வேண்டாம், அந்த ஓட்டல்காரரும் எங்கள் ஊர்க்காரர்தான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
ஊட்டி.