தொங்கல் வீட்டு டிவி

வின்னிபெக்
ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் பார்சலும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. தேயிலைப் பொட்டலத்தை அம்மா பழைய சேலைத் துணியில் சுற்றித் தைத்து அனுப்பியிருக்கிறார். பிரிக்கும்போதே தேயிலை ஸ்டோர் வாசலில் நின்றால் வருமே, அந்த வாசனை. துணியை இன்னும் தூக்கிப் போடவில்லை, தலையணைப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

தீபாவளிக்குப் பிறகு நான் ஒழுங்காகப் பேசவே இல்லை, அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. அவசரத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்பதைவிட ஒருநாள் ஆற அமர எழுதலாம் என்று நினைத்து நினைத்தே மூன்று மாதம் ஓடிவிட்டது. என் பிழைதான். இதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு.

நான் நல்ல சுகம். வேலை நடக்கிறது. பண்டிகைக் காலம் முடிந்ததும் இங்கே எல்லோருக்கும் வேலை நாளைக் கொஞ்சம் குறைப்பார்கள், அதனால் ஓய்வு கிடைத்திருக்கிறது. நேற்றுக் காலை குளிர் மைனஸ் 31. நுவரெலியாப் பக்கம் ஒரு விடியற்காலை உறைபனி விழுந்தாலே தேயிலை கருகிப்போகும், பேப்பரில் படம் போடுவார்கள். இங்கே வாசலுக்கு வந்து ஒரு மூச்சு இழுத்தால் மூக்குக்குள் இருக்கிற முடி ஊசி ஊசியாகக் குத்தும். கவலைப்பட வேண்டாம், தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டுக் குளிரில் வளர்ந்த உடம்பு. ஹீட்டரை 17க்கு மேல் வைப்பதே இல்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும்.

சாப்பாட்டுக்கும் குறையில்லை. அம்மா அனுப்பிய மாசிக் கருவாட்டில் சம்பல் இடித்துத் தேங்காய் ரொட்டியோடு மூன்று நாள் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் வீட்டுத் தாத்தா வீட்டில்தான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தெரு முழுவதும் பனி அள்ளுவார் என்று எழுதினேனே, அவர்தான். யார் வாசல் என்று பார்க்கமாட்டார், வரிசையாக அள்ளிக்கொண்டே போவார். அவருடைய தாத்தா காலத்தில் உக்ரைனிலிருந்து வந்த குடும்பம். பெரோகி என்று ஒன்று செய்வார்: உருளைக்கிழங்கை மசித்து உள்ளே வைத்து மடித்து, அவித்து, வெண்ணெயும் வெங்காயமும் போட்டு வதக்குவது. பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரி இருக்கும், காரம் மட்டும் கிடையாது. நான் கொண்டுபோன கட்டச்சம்பலை அதன்மேல் போட்டுச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் தட்டை வைக்கவில்லை. போன வாரம் போத்தலோடு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் வீட்டு நிலவறையில்தான் அக்கா விஷயமே இருக்கிறது. சுவர் நெடுக வீடியோ கசெட். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் தேதி. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவளுக்காக டிவியிலிருந்து கார்ட்டூன் பதிவு செய்தவை. இங்கே வைடிவி என்ற பிள்ளைகள் சேனல் 1988இல் வந்தது, டெலிடூன் 1997இல். இரண்டிலிருந்தும் எடுத்திருக்கிறார். விளம்பரத்தைக்கூட வெட்டவில்லை. 'அடுத்து வருவது' என்று சொல்கிற குரல், நடுவில் பால் விளம்பரம், பனிச்சப்பாத்து விளம்பரம், எல்லாம் அப்படியே இருக்கிறது. மகள் இப்போது வன்கூவரில். வருஷத்துக்கு ஒரு தடவை வருவாளாம். கசெட்டை வெளியே தரமாட்டார். அவர் வீடியோ டெக்கிலேயே ஓடவிட்டு, பக்கத்தில் என் கம்ப்யூட்டரை வைத்துப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரக் கசெட்டுக்கு ஒரு மணி நேரம் உட்காரத்தான் வேண்டும். அவரும் கூடவே உட்கார்ந்துவிடுவார். முதல் தடவை பிடித்ததில் யாராவது ஓடினால் உடம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகக் கிழிந்து தெரிந்தது. பழைய டிவி ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகத்தான் காட்டுமாம். அந்த இரண்டையும் சரியாகச் சேர்க்கக் கற்றுக்கொள்ளவே இரண்டு ஞாயிறு போய்விட்டது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய். உன் கடிதத்தில் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: பெரியம்மா புது வீட்டுக்குப் போகிறார், லயத்தை இடிக்கப் போகிறார்களாம் என்று. உனக்குத் தெரியாது, நவம்பரிலிருந்தே நான் லயத்தின் கடைசியில் பெரியம்மாவின் அந்தத் தொங்கல் வீட்டில் இருந்த டிவியை இங்கே கட்டிக்கொண்டிருக்கிறேன்.

லயத்துக்குக் கரண்ட் வராத காலம் உனக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். பெரியப்பா கார் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்குப் போய் சார்ஜ் ஏற்றி வருவார். எதிரே பிதுருதலாகலை, அதன் உச்சியில்தான் ரூபவாஹினி டிவியின் கோபுரம். அவ்வளவு பக்கம், ஆனாலும் நடுவில் மேடு மறைத்துவிடும். அண்ணன் கூரையில் ஏறி ஆண்டெனாவைத் திருப்ப, நீ வாசலில் நின்று 'இல்ல, இல்ல, ஆ, நில்லு' என்று கத்துவாய். சாயந்தரம் அஞ்சரைக்கு பத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளைகளும் அந்தச் சிமெண்டுத் தரையில். பேட்டரி இறங்க இறங்க படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் உள்ளங்கை அளவு வெளிச்சம். அந்த அளவிலும் யாரும் எழும்ப மாட்டோம்.

'பிஸ்ஸு பூஸா' ஞாபகம் இருக்கிறதா? டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் குரல் கொடுக்க வைத்த அந்தப் பூனை. அது அமெரிக்காவில் 1961இல் வந்த டொப் கேட். மொத்தமே 30 பகுதிதான். பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டி முழுசாகக் கிடைத்தது. ஆசையோடு போட்டேன், பூனை ஆங்கிலம் பேசியது. நம் வீட்டு ஆள் யாரோ மாதிரிப் பேசுவது போல இருந்தது, அக்கா. நான் சிங்களம் பேசப் பழகியதே அந்தப் பூனையிடம்தானே. பிறகு பெரியப்பா டிஷ் வைத்த அன்றைக்குத்தான் கார்ட்டூன் நெட்வொர்க். பழைய அடையாளம் கறுப்பும் வெள்ளையுமாகப் பதினாலு கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதைப் பார்த்துத்தான் நான் ஆங்கில எழுத்தைச் சுவரில் கரியால் எழுதிப் பெரியம்மாவிடம் அடி வாங்கினேன்.

இப்போது டொம் அன்ட் ஜெரி இருக்கிறது, 1940இலிருந்து 1958 வரை ஹன்னா, பார்பெரா என்ற முதல் இருவர் எடுத்த 114உம். ஸ்கூபி டூவின் பழைய 25 பகுதி இருக்கிறது. பாப்பாய், டெக்ஸ்டர், அந்தப் பயந்த நாய் கரேஜ், எல்லாம் ஒவ்வொரு டாலராகச் சேர்த்த டிவிடி. தாத்தாவின் கசெட்டுகள் வேறு. எதை வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நானே தேடிப் போடுகிறபோது ஐந்து நிமிடம்கூடப் பார்க்க முடிவதில்லை. நாம் போய் உட்காரும்போது அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்க வேண்டும். தொங்கல் வீட்டில் அப்படித்தானே பார்த்தோம்.

அதற்கு வழி இருக்கிறது. எர்சாட்ஸ் டிவி என்று இலவசமாக ஒரு மென்பொருள். நம்மிடம் இருக்கிற படங்களுக்கு நேர அட்டவணை போட்டுக் கொடுத்தால் சேனல் மாதிரி தானாக ஓட்டிக்கொண்டிருக்கும். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நேரம் போய்க்கொண்டே இருக்கும், பிந்தி வந்தால் பாதியிலிருந்துதான். யாரோ கழித்துவிட்ட ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, பெரிய செலவில்லை. என் வீட்டு டிவிக்கு மட்டும்தான் வரும். மூலையில் அடையாளம் வேண்டும் என்று கட்டத் தாளில் நானே வரைந்தேன். மேலே தொ, ங், க. கீழே ல், வீ, டு. ஆறு கட்டம், கறுப்பும் வெள்ளையுமாக.

கடிகாரத்தைக் கொழும்பு நேரத்துக்கு வைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் நமக்கிடையே பதினொன்றரை மணி நேரம். அங்கே சாயந்தரம் அஞ்சரை என்றால் இங்கே காலை ஆறு. வேலை இருக்கிற நாளோ இல்லாத நாளோ, ஆறு மணிக்கு வெளியே கும்மிருட்டில் பிஸ்ஸு பூஸா தொடங்கிவிடும். நீங்கள் எல்லோரும் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றுதான் இடித்தது. அரை மணி நேரக் கார்ட்டூன் என்பது உண்மையில் இருபத்திரண்டு நிமிடம்தான். மிச்சம் எட்டு நிமிடம் விளம்பரத்துக்கு. முதலில் தாத்தாவின் கசெட் விளம்பரங்களைப் போட்டேன். பனிச்சப்பாத்து விளம்பரம் நமக்கு என்ன ஞாபகத்தைத் தரும்? அப்புறம்தான் தோன்றியது, உன் பாப்பா போனில் எடுத்து அனுப்பிய துண்டு வீடியோக்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றனவே என்று. கோயில் திருவிழா, மச்சான் தண்ணீர்ப் பீலிக்கரையில் மோட்டர் சைக்கிள் கழுவுவது, சின்னவன் தேவாரம் பாதியில் மறந்து நிற்பது, எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். எது எப்போது வரும் என்று எனக்கே தெரியாது, அது தானாக எடுத்துக்கொள்ளும்.

இந்த ஒரு பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்காதே. போன செவ்வாய்க்கிழமை காலை. கட்டிலில்தான் படுத்திருந்தேன், டிவி பக்கம் முதுகு. பூனைச் சத்தம் நின்றது. அம்மா குரல், "தம்பி, சாப்பிட்டியாடா?" பாப்பாவின் போனைப் பார்த்துக் கேட்டது, இரண்டு வருஷத்துக்கு முந்தியது, பதினொரு வினாடி. நான் "சாப்பிட்டேம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முதல் நாள் ராத்திரியும் ஒன்றும் சமைத்திருக்கவில்லை. அதற்குள் அடுத்த கார்ட்டூன் தொடங்கிவிட்டது. எழுந்து ரொட்டி சுட்டேன், அம்மாவிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. அதன் பிறகு வேலைக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன் அக்கா, இந்தக் குளிரில் கண்ணீர் இமையிலேயே உறைந்துவிடுகிறது.

சரி, வீட்டு விஷயங்கள். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது. பிப்ரவரியில் தேதி கொடுத்திருந்தால் மச்சானைக் கூடப் போகச் சொல், ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம் போனால் போகட்டும், அதை நான் தருகிறேன். இந்த மாதம் 20,000 அனுப்பியிருக்கிறேன். குறைவுதான், மார்ச்சில் சேர்த்து அனுப்புவேன். முதலில் தங்கச்சியின் வகுப்புக் காசைக் கட்டு. பண்டாரவளைச் சம்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். பையன் நல்லவன் என்று பெரியம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அவளிடம் தனியாக ஒரு வார்த்தை கேள். அவள் படிப்பை முடிக்கட்டும் என்று அவர்களிடம் சொல்லத் தயங்காதே.

ஏழு பேர்ச் காணிப் பத்திரத்தில் அம்மா பேரும் இருக்க வேண்டும். அப்பா பேர் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும் கையெழுத்துப் போட வேண்டாம், எனக்கு முதலில் படம் எடுத்து அனுப்பு.

சின்னம்மாவின் கல்யாணக் கசெட் இன்னும் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும். அதை இங்கே அனுப்பாதே. நம் நாட்டுக் கசெட் தாத்தாவின் டெக்கில் சரியாக ஓடாது, முறை வேறு. ஹட்டனில் ஸ்டூடியோவில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றச் சொல். ஒன்று கவனி: ஜன்னல் வழியே நாடாவைப் பார், வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் எந்த டெக்கிலும் போடவிடாதே. முதலில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடாவும் போகும், டெக்கும் போகும். பாப்பாவிடமும் சின்னவனிடமும் 'அடுத்து வருவது பிஸ்ஸு பூஸா' என்று ஆளுக்கொரு தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு.

கடைசியாக ஒன்று. லயத்தை இடிக்கிற தேதி தெரிந்தால் அதற்கு முந்திய நாள், சாயந்தரம் அஞ்சரைக்குத் தொங்கல் வீட்டுக்குப் போ. டிவி இருந்த மூலைக்கு எதிரே, நாம் உட்காருகிற இடத்தில், அந்த வெடித்த சிமெண்டின்மேல் உட்கார்ந்து போனைப் பிடி. பேச வேண்டாம். பீலிச் சத்தமும் யாராவது கூப்பிடுகிற சத்தமும் வந்தால் வரட்டும். எட்டு நிமிடம் எடு. சரியாக எட்டு நிமிடம்.

அன்புள்ள தம்பி