அக்கம்பக்கக் கலைக்குழுக்களின் பயிற்சிக்குச் சிறு மானியம் வேண்டி மனு

அனுப்புநர்:
உருமி, தவில், நாதஸ்வரம், கும்மி, வில்லுப்பாட்டு பயிற்றும் சிறு குழுக்கள்,
பினாங்குத் தீவு மற்றும் செபராங் பிறை.

பெறுநர்:
கலை, பண்பாட்டுப் பொறுப்பு வகிக்கும் மாண்புமிகு ஆட்சிக்குழு உறுப்பினர் அவர்கள்,
பினாங்கு மாநில அரசு,
கொம்தார், ஜார்ஜ்டவுன்.

பொருள்: மேடை நிகழ்ச்சிக்கு மட்டுமின்றி, கலை கற்பிப்பதற்கும் மானியம் வழங்கக் கோருதல்.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். எங்களைப் போன்ற குழுக்களுக்கு எங்கிருந்தாவது பண உதவி வருகிறதென்றால் அது பெரும்பாலும் விழாச் சமயத்தில்தான். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு நிகழ்ச்சி கேட்பார்கள். மேடை, ஒலிபெருக்கி, பதாகை, சாப்பாடு என்று ஒரே இரவில் அந்தப் பணம் கரைந்துவிடும். மேடையேறிய பிள்ளைகளை மாதக்கணக்கில் பழக்கிய ஆசிரியருக்கு அதில் ஒரு காசும் போய்ச் சேராது. கற்பிக்கும் அந்த மாதங்களுக்கும் மாநில அரசு உதவ வேண்டும் என்று கேட்கவே இந்த மனுவை எழுதுகிறோம்.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் குச்சி பிடித்து வாசிப்பது. கை பழகவே பல மாதங்கள் ஆகும். ஒரு கல்யாணத்துக்குத் தைரியமாகத் துணைக்கு உட்காரச் சில வருடங்கள் வேண்டும். நாதஸ்வரமோ இன்னும் கடினம். வாயில் வைத்து ஊதும் அதன் சீவாளி தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வரவேண்டும். அடிக்கடி மாற்றவும் வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டுக் கற்க வரும் பிள்ளையின் அப்பா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவராக இருப்பார். அவரிடம் போய் மாதக் கட்டணம் கேட்க எங்கள் ஆசிரியர்களுக்கு வாய் வருவதில்லை. அதனால் ஆசிரியரே பெட்ரோல் போட்டு வந்து, தன் கைக்காசில் தோல் மாற்றி, இலவசமாகக் கற்பிக்கிறார். அவருக்கும் வயதாகிறது. அவருக்குப் பிறகு யார்?

இதற்குள் நம் கோயில்கள் பலவும் வாசிப்பவர்களைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப் பழகிவிட்டன. அவர்களுடைய வேலை அனுமதி தாமதமானால் திருவிழாவே தவிக்கிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வெள்ளி ரதம் புறப்படும் ஊரில், அதன் முன்னே வாசிக்க இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் போதுமான அளவில் இருக்க வேண்டாமா, ஐயா? பிள்ளைகளுக்கு ஆசை இல்லை என்று சொல்ல முடியாது. உருமி என்றால் பையன்கள் ஓடி வருகிறார்கள். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து அந்த உறுமலை வரவழைக்கக் கற்றுக்கொண்ட நாளில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

2008இல் ஜார்ஜ்டவுனுக்கு யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தகுதி கிடைத்தபோது, கட்டடங்கள் மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படவில்லை. ஆசியாவின் பல பண்பாடுகளுக்கு இந்த ஊர் உயிருள்ள சாட்சி என்பதும் காரணம். ஆனால் அந்த உயிர் இப்போது எங்கே குடியிருக்கிறது? வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது அதன் பாதுகாப்பு முழுவதும் போனது. நகரின் நடுவே தலைமுறைகளாக வாழ்ந்த பல குடும்பங்கள் வாடகை தாங்காமல் வெளியே போயின. அக்கரையில் செபராங் பிறையிலும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்ட வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள் தோட்டங்கள் மூடப்பட்டதும் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அங்குள்ள பத்து காவான் இன்று இரண்டாவது பாலமும் தொழிற்பேட்டையுமாக நிற்கிறது. வளர்ச்சியை நாங்கள் குறை சொல்லவில்லை. தோட்டத்து லயன் வீடுகளின் வாசலில் கும்மியும் ஒப்பாரியும் பால்மரம் (ரப்பர்) வெட்டும் பாட்டும் பாடிய பாட்டிமார்கள் இப்போது எட்டாவது மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறோம். மரபுடைமை எல்லைக்கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் மானியம் என்றால் இவர்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

விண்ணப்பம் போடுவதும் எளிதாக இல்லை. சங்கமாகப் பதிவு செய்யக் குறைந்தது 7 பேர் வேண்டும். எங்களில் சில குழுக்களில் ஐந்து பேர்தான். தணிக்கை செய்த கணக்கு கேட்கிறார்கள். அப்புறம், முதலில் நீங்கள் செலவு செய்யுங்கள், ரசீது காட்டினால் பிறகு தருகிறோம் என்கிறார்கள். முதலில் செலவு செய்யக் கையில் இருந்தால் நாங்கள் ஏன் விண்ணப்பிக்கிறோம்? ஒருமுறை, கும்மிப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த பாட்டிக்குக் கொடுத்த பணத்துக்குக் கடை முத்திரையோடு ரசீது வேண்டும் என்று கேட்டு எங்கள் கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பாட்டியின் கையெழுத்து போதும் என்று விதி மாறினால் எத்தனையோ பேருக்கு வழி பிறக்கும்.

இது பினாங்குக்குப் புதிய யோசனை அல்ல. இங்குள்ள மரபுடைமை அறக்கட்டளை 2005இலேயே மரபுக் கலைகளிலும் கைத்தொழில்களிலும் தேர்ந்த மூத்தவர்களைக் கண்டறிந்து விருது கொடுத்துச் சிறப்பித்தது. மூத்தவரிடம் இளையவர் அமர்ந்து தொழில் பழகவும் ஏற்பாடு செய்தது. அதே வழியில், அரசு சிறிய அளவில் தொடங்கினால் போதும். ஆசிரியருக்கு ஒரு மாலைக்கு 80 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒருமுறை 40 வாரங்களுக்கு 3,200 ரிங்கிட் வருகிறது. தோல், சீவாளி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ஒரு குழுவுக்கு வருடத்துக்கு 5,000 ரிங்கிட் இருந்தால் ஒரு வகுப்பு நிற்காமல் நடக்கும். இந்தத் தொகையில் பாதியையாவது முன்பணமாகத் தர வேண்டுகிறோம். பதிவு இல்லாத குழுக்கள் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூலமாகவோ கோயில் நிர்வாகம் மூலமாகவோ பணம் பெற அனுமதிக்க வேண்டும். விண்ணப்பப் பாரம் இரண்டு பக்கத்துக்கு மேல் போகாமல், தமிழில் நிரப்பினாலும் ஏற்கப்பட வேண்டும்.

இடமும் வேண்டும். அடுக்குமாடியில் உருமி அடித்தால் அக்கம்பக்கத்தார் புகார் செய்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. பிறந்து சில மாதமே ஆன குழந்தையும் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவரும் அங்கே இருக்கிறார்கள். அந்தந்த வட்டாரத்துப் பொது மண்டபத்தை வாரத்தில் இரண்டு மாலை, ஒன்பது மணிக்குள் முடித்துவிடுகிறோம் என்ற நிபந்தனையில், வாடகையின்றித் தந்தால் போதும். பணத்தைவிட இது எங்களுக்குப் பெரிய உதவி.

வகுப்பில் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். மலாய், சீனப் பிள்ளைகள் இப்போதே கதவோரம் நின்று எட்டிப் பார்க்கிறார்கள். வருகைப் பதிவேட்டையும் வரவு செலவுக் கணக்கையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்புவோம். உங்கள் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி எந்த மாலையும் வந்து பார்க்கலாம்.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்துக்குப் போவதற்கு முன் எங்களைச் சந்திக்க அரைமணி நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குழுக்களின் விவரமும் பெற்றோர்களின் கையொப்பங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளர்,
குழுக்களின் சார்பில்.