பாதத்தைத் தூக்க ஒரு கருவி: இங்கிலாந்தின் ஐ.சி.பி. நிர்வாகிகளுக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நடக்கும்போது பாதத்தைத் தூக்கிவிட என் அம்மாவின் காலுக்குள் பொருத்த வேண்டிய மின்தூண்டிக்கு நிதி தர முடியாது என்று, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். பணத்தைப் பகுதிவாரியாக ஒதுக்கும் உங்கள் ஐ.சி.பி. வாரியங்களில் ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. காரணம், அம்மாவின் நிலை "விதிவிலக்கானது" இல்லையாம்.

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) என்ற நரம்பு நோயால் பாதம் தொய்ந்துபோன மற்றவர்களை விடத் தனக்கு ஏதோ தனியாக இருக்கிறது என்று அம்மா நிரூபிக்க வேண்டும். எப்படி முடியும்? அவருக்கு இருப்பது அவர்களுக்கு இருக்கும் அதே நோய், அதே பாதம். நிறையப் பேருக்குத் தேவைப்படுகிறது என்பதே ஒரு சிகிச்சையை மறுக்கக் காரணமாகிவிடுகிறது. இது எந்த விதத்தில் நியாயம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டி வெளியிடும் நைஸ் அமைப்பு 2009 ஜனவரியிலேயே இந்தச் சிகிச்சையின் பாதுகாப்புக்கும் நடையில் வரும் முன்னேற்றத்துக்கும் போதிய சான்று இருப்பதாகச் சொல்லிவிட்டது. தோலில் ஒட்டும் பட்டை, உள்ளே பொருத்துவது இரண்டும் அதில் அடக்கம். யாருக்குப் பொருத்தலாம் என்பதை மறுவாழ்வு சிகிச்சைக் குழு முடிவு செய்யட்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த வழிகாட்டி நிதியைக் கட்டாயமாக்கவில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் கொடுக்கக் கூடாது என்றும் அது சொல்லவில்லையே.

இப்போது அம்மா பாவிப்பது நாங்கள் சொந்தக் காசில் வாங்கிய பட்டைக் கருவி. குதிகால் நிலத்தை விட்டு எழும்போது செருப்புக்குள் இருக்கும் சுவிட்ச் அதை உணரும், முழங்காலுக்குக் கீழே வெளிப்புற நரம்பில் மின்சாரம் பாயும், பாதம் மேலே எழும். பட்டை ஒரு விரல் அகலம் விலகினாலும் பாதம் கோணலாகத் திரும்பிவிடும். அம்மாவின் விரல்களும் மரத்துப் போனவை. சரியான இடத்தைத் தடவிக் கண்டுபிடிக்க அவரால் முடிவதில்லை, நான் வேலைக்குப் போகுமுன் ஒட்டிவிட வேண்டும். மத்தியானம் கழன்றால் அப்படியே இருந்துவிடுவார். இப்போது ஒட்டிய இடமெல்லாம் சிவந்து கொப்புளம் போடுகிறது. தோல் ஆறும்வரை பட்டை கிடையாது. பட்டை இல்லாமல் கால்விரல் தரையில் இடறும், அதனால் வாசலைத் தாண்டவே பயப்படுகிறார். சொந்தக் கையால் தேநீர் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வருவதுகூட அவருக்கு ஆபத்தான காரியம். உள்ளே பொருத்தினால் மின்முனை நரம்பருகிலேயே இருக்கும். தினமும் இடம் தேடத் தேவையில்லை, ஒட்டும் பட்டையும் இல்லை.

இந்த வகைக் கருவியை வளர்த்தெடுத்ததில் சாலிஸ்பரி மாவட்ட மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே நாட்டில் வீட்டின் தபால் குறியீட்டைப் பொறுத்து ஒருவருக்குக் கிடைக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்கு "விதிவிலக்கு" என்று நிரூபிக்க யாரும் படிவம் கேட்க மாட்டார்கள். அதற்கும் என்.எச்.எஸ். பணம்தானே போகிறது? பிசியோதெரபிக்குக் காத்திருப்பது, ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலிலிருந்து கதை சொல்வது, அதெல்லாம் தனியாக எழுத வேண்டியவை. மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எம்.எஸ். நோயாளிகளின் பாத மின்தூண்டிக்கு "விதிவிலக்கு" நிபந்தனையை எடுத்துவிடுங்கள். நோயாளியை நேரில் பார்க்கும் மறுவாழ்வுக் குழு பரிந்துரைத்தால் எல்லா வாரியமும் நிதி கொடுக்கட்டும், பட்டை ஒத்துவராதவருக்கு உள்ளே பொருத்தும் கருவிக்கும் சேர்த்து. அம்மாவின் விண்ணப்பத்தையும் அந்த அடிப்படையில் மறுபடி பரிசீலித்து எழுத்தில் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்
லண்டன்