கரையை மார்கழியில் அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பூரணை விடுமுறை நாள்களில் மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை கடற்கரை மணலில் காலாற நடந்து வருகின்ற ஒரு சிறு கூட்டத்தின் சார்பில் இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் கூட்டத்துக்குப் பெயரோ பதிவோ தலைவரோ கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் மூவர், ஒரு தாதி, ஒரு தையற்காரர், எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த இரண்டு குடும்பங்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை சேருவோம். பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்த நடை, கடந்த மார்கழிப் பூரணையன்று கரையின் குறுக்கே இருந்த ஒரு வேலியால் பாதி வழியில் முறிந்துபோனது. அதைப் பற்றிப் பொறுப்புள்ளவர்களின் காதில் போட வேண்டும் என்பதற்காகவே தங்கள் பத்திரிகையில் இடம் கேட்கிறேன்.

அவசரப்படாமல் செய்வதை நாங்கள் 'ஆறுதலாகச் செய்தல்' என்போம். எங்கள் நடையும் ஆறுதலான நடைதான். விடிய ஐந்தரை மணியளவில் கல்லடிக் கரையில் கூடி, தெற்கு நோக்கித் திரும்பி, நாவற்குடா, பூநொச்சிமுனை, காத்தான்குடி ஆகிய ஊர்களின் கரைகளைக் கடந்து ஆரையம்பதிக்குப் போய்ச் சேர ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் எடுப்போம். வீதியால் பஸ்ஸில் போனால் இருந்த இடம் சூடாகுமுன் இறங்கிவிடக்கூடிய தூரம் அது. இளம் பிள்ளைகள் இதில் பாதி நேரத்தில் நடந்து முடித்துவிடுவார்கள். ஆனால் கடைசியாக வருகின்றவரின் வேகமே எல்லோருடைய வேகமும் என்று ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொண்டோம், இன்றுவரை அதை யாரும் மீறியதில்லை.

மணலில் நடந்து பழகாதவர்கள் காய்ந்த மணலில் இறங்கிப் பத்து நிமிடத்திலேயே கெண்டைக்கால் இழுக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். அலை வந்து தொட்டுவிட்டுத் திரும்பிய ஈர மணலில்தான் நடக்க வேண்டும். மணலின் மணிகளுக்கு இடையில் தங்கும் சிறிதளவு நீர் அவற்றை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பதனால் அங்கே கால் புதையாது. அந்த இறுகிய பட்டி சில இடங்களில் நாலைந்து முழ அகலம்தான் இருக்கும். அதற்கு மேலே போனால் குதிகால் புதையும், அதற்குக் கீழே போனால் அலை காலை இழுக்கும். வயதானவர்களுக்கும் முழங்கால் நோவுள்ளவர்களுக்கும் அந்த நாலைந்து முழம்தான் பாதை. கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போகும்போது ஒரு பக்கத்து இடுப்பும் வரும்போது மற்றப் பக்கத்து இடுப்பும் பாரம் தாங்க வேண்டியிருக்கிறது என்று எங்கள் தாதி விளக்கிய பிறகு, போவதுபோலவே திரும்பி வருவதையும் கரையாலேயே வைத்துக்கொண்டோம்.

இந்த நடையில் காண்பவற்றைச் சொல்லத் தொடங்கினால் பத்திரிகையில் இடம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி நண்டு வளை ஒன்றின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். வளையின் வாயில் இரண்டு கண்கள் தீக்குச்சிகளைப் போல எழுந்து நின்று நாலு பக்கமும் பார்த்தன; பிறகு நண்டு, காலுக்கும் மார்புக்கும் இடையில் அணைத்துக்கொண்டு வந்த மணலை வெளியே வீசிவிட்டு உள்ளே போனது. அது பதினேழு தரம் அப்படிச் செய்யும் வரை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு பெரியவர்கள் அவளுக்காக நின்றோம். "ஆறுதலாப் பார் மனே, நாங்க நிக்கிறம்" என்று அவளுடைய அம்மம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு பேர் காத்து நிற்கின்ற நேரம் வீட்டிலும் இல்லை, பள்ளிக்கூடத்திலும் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கச்சான் காற்று வீசுகின்ற மாதங்களில், கடல் அடங்கிக் கிடக்கையில், கரைவலை இழுப்பவர்களைக் கடந்து போவோம். இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தபடி ஆள்கள் பின்னோக்கி நடந்து வர, வலை சிறிது சிறிதாகக் கரைக்கு நெருங்கும். கயிறு இறுகும்போது குறுக்கே போவது ஆபத்து என்பதை எங்களுக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்கள்தான். "டீச்சர், இந்தப் பக்கத்தால வாங்க" என்று கூப்பிட்டு, கயிற்றைத் தாழ்த்தி வழிவிடுவார்கள். காத்தான்குடிக் கரையில் எங்கள் தையற்காரருடைய பழைய கூட்டாளி ஒருவர், இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரைக் காக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், போத்தலில் தேத்தண்ணியோடு வந்து நிற்பார். அங்கிருந்து ஆரையம்பதி வரை எங்களுடன் நடப்பார். பிரதான வீதியில் ஊருக்கு ஊர் பெயர்ப் பலகையும் வளைவும் இருக்கின்றன. கரையில் நடப்பவருக்கு எந்த ஊர் எங்கே முடிந்தது என்பது வள்ளங்களில் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்தால்தான் தெரியும். முன்னொரு காலத்தில் இந்தத் தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கு இடையில் எவ்வளவு பயம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் போத்தல் தேத்தண்ணியின் அருமை விளங்கும்.

இந்தக் கூட்டம் சேர்ந்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு எங்களில் பலர் கடற்கரைக்குப் போகவில்லை. நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று எங்கள் பக்கத்திலேயே எத்தனை வீடுகள் போயின, எத்தனை உயிர்கள் போயின என்பதை இந்த மாவட்டத்து வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அன்றும் பூரணை தினம்தான். ஆகவே, பூரணை நாளில் கரையில் நடப்போம் என்ற யோசனை முதலில் வந்தபோது, தன் தங்கையையும் இரண்டு மருமக்களையும் கடலுக்குக் கொடுத்த ஓர் அக்கா, வேறு எந்த நாள் என்றாலும் வருகிறேன், அந்த நாளில் மாட்டேன் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பூரணைக்கு அவரே வந்தார். கடலுக்கும் தனக்கும் இடையில் இரண்டு பேர் நடக்க வேண்டும் என்று கேட்டார்; அப்படியே நடந்தோம். கடலுக்கு முதுகு காட்டி நிற்க மாட்டார். செருப்பின் வாரைச் சரிசெய்யக் குனிந்தாலும் கண் கடலிலேயே இருக்கும். இன்று அவர் ஓரத்தில், அலை பாதத்தில் படும்படி நடக்கிறார். தனியாக நடந்திருந்தால், அல்லது வேகமாக நடக்கின்ற ஒரு கூட்டத்தோடு நடந்திருந்தால் இது நடந்திருக்காது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மார்கழிப் பூரணைக்கு முந்திய நாள்களில் நல்ல மழை. அன்று விடிய வானம் வெளித்திருந்ததால் புறப்பட்டோம். நடைவழியில் ஓரிடத்தில், ஒரு தங்குமிடத்தின் கொங்கிறீற் தூண்களும் முள்ளுக்கம்பியும் கரைக்குக் குறுக்காக இறங்கி, கடைசித் தூண் அலைக்குள் நின்றது. மேற்பக்கத்தால் சுற்றிப்போக வழியில்லை, அங்கே மதில். திரும்புவதா, தூணைச் சுற்றிக் கடலுக்குள் இறங்கிப் போவதா என்று யோசித்தோம். இளையவர்கள் இருவர் இறங்கிக் காட்டினார்கள். முழங்கால் அளவு தண்ணீர்தான். எங்கள் கூட்டத்தின் எழுபத்து மூன்று வயது அம்மம்மா, இளமையில் திருக்கோவில், பொத்துவில், உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய் வந்தவர், "இதுக்கென்ன" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். அலை திரும்பும்போது தூணின் அடியில் மணல் அரித்துக் குழியாகியிருந்தது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கால் அந்தக் குழிக்குள் போனது. அடுத்த அலை இடுப்புக்கு மேலே வந்தது. கையைப் பிடித்திருந்ததால் இழுத்து எடுத்தோம். முள்ளுக்கம்பி முழங்கைக்குக் கீழே கிழித்து மூன்று தையல் போட நேர்ந்தது. ஆனால் காயத்தைவிட எனக்கு வலித்தது வேறொன்று. கரையில் நின்ற அந்த அக்கா, இதைப் பார்த்த மாத்திரத்திலேயே திரும்பி வீதிப் பக்கமாக ஓடத் தொடங்கினார். அவரைப் பிடித்து ஆறுதல்படுத்த வெகுநேரம் சென்றது.

அந்த இடத்தின் பொறுப்பாளரைச் சந்தித்துப் பேசினோம். அவர் கடுமையாகப் பேசவில்லை. தேத்தண்ணி தரச் சொன்னார். வேலி போட்டபோது கடலுக்கும் கடைசித் தூணுக்கும் இடையில் நாற்பது அடி விட்டுத்தான் போட்டோம் என்றார். அதற்கு அவரிடம் கைத்தொலைபேசியில் படமும் இருந்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. படம் ஆடி மாதத்தில் எடுக்கப்பட்டது.

முழுச் சிக்கலும் இதற்குள்தான் இருக்கிறது. எங்கள் கரை வருடம் முழுவதும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. கச்சான் வீசுகின்ற மாதங்களில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது; அலை சிறியது; சிறிய அலை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. வாடைக்காற்றோடு மாரி பிறந்ததும் பெரிய அலைகள் அந்த மணலை அள்ளிக் கரையிலிருந்து சற்று உள்ளே கடலடியில் திட்டாகப் போட்டுவைக்கின்றன. மறுபடி கடல் அடங்கியதும் அது திரும்பி வருகிறது. பூரணையை ஒட்டி வற்றும் பெருக்கும் மற்ற நாள்களைவிடக் கூடுதலாக இருப்பதால், மாரிப் பூரணையில் கரை மிகவும் ஒடுங்கிவிடும். ஆகவே ஆடியில் நாற்பது அடி விட்டவர் மார்கழியில் ஓரடியும் விடவில்லை. கரைவலைக்காரர்களுக்கு இது கைக்கணக்கு. அவர்களுடைய வாடிகள், அதாவது கரையில் போடும் கொட்டில்கள், தடியும் கிடுகும். மாரிக்கு முன்பே பிரித்து மேலே கொண்டுபோய்விடுகிறார்கள், வள்ளத்தையும் மேலே இழுத்துவிடுகிறார்கள். கொங்கிறீற் தூணை அப்படிப் பிரிக்க முடியாது.

அந்தத் தங்குமிடத்தார் கடல் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே படர்ந்திருந்த அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் சுத்தமாகச் செருக்கியிருந்தார்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். காற்றில் ஓடுகின்ற மணலை மறித்துத் தன் அடியில் மேடாக்கி வைப்பது அந்தக் கொடிதான். அதை அழித்த இடத்தில் கடல் இன்னும் உள்ளே வரும். கரையில் நாம் ஓரிடத்தில் வைக்கின்ற கை இன்னோரிடத்தில் போய் அடிக்கும் என்பதை அம்பாறை மாவட்டத்தில் பார்த்துவிட்டோம்; 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்ட காலத்தை ஒட்டி, அதன் வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டுத் தென்னைகள் கடலில் சாய்ந்ததை அங்குள்ள மக்கள் இன்னும் சொல்லி அழுகிறார்கள். ஒரு வேலியையும் ஒரு துறைமுகத்தையும் நான் ஒப்பிடவில்லை. மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை மறந்து போடப்பட்டவை என்ற வகையில் மட்டும் இரண்டும் ஒன்று.

சட்டம் இல்லாமல் இல்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரையும், சராசரித் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என்று வகுத்து, அதற்குள் செய்யப்படும் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதிப் பத்திரம் பெற வேண்டும் என்கிறது. எனவே கரையோரம் பேணல் திணைக்களத்தினரிடமும் பிரதேச செயலகங்களிடமும் பிரதேச, நகர, மாநகர சபைகளிடமும் நாங்கள் கேட்பது புதிதாக ஒன்றை அல்ல. கரையில் வேலிக்கும் கட்டடத்துக்கும் இடம் பார்க்கப் போகும்போது கச்சான் மாதத்தில் தெரிகின்ற கரையை மட்டும் பார்த்து ஒப்பமிட வேண்டாம். மார்கழியிலோ தையிலோ ஒரு தடவை வந்து அளந்து, அந்த ஈர மணலின் மேல் விளிம்புக்கும் மேலே நடப்பவருக்கு இடம் விட்டுத்தான் எதையும் அனுமதிக்க வேண்டும். ஏற்கெனவே தண்ணீருக்குள் நிற்கின்ற தூண்களை அடுத்த மாரிக்கு முன் அகற்றுவிக்க வேண்டும். கொங்கிறீற்றில் நடைபாதை போட்டுத் தருமாறு சிலர் கேட்கிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை மதிக்கிறேன், ஆயினும் எங்களுக்கு அது வேண்டாம். கடல் தினமும் இரண்டு தரம் நனைத்து இறுக்கித் தருகின்ற பாதை எங்களுக்குப் போதும். தங்குமிடங்கள் நடத்துபவர்கள் எங்கள் பகைவர் அல்லர். எங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் வேலை கொடுக்கிறார்கள். அவர்களுடைய விருந்தினரும் இந்தக் கரையில் நடக்கத்தானே வருகிறார்கள்.

அம்மம்மாவின் தையல் வெட்டியாயிற்று, அவர் வருகிறார். அந்த அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. வரும் தைப் பூரணையன்று விடிய ஐந்தரைக்குக் கல்லடிக் கரையில் வழக்கம்போலக் கூடுவோம். அளவு நாடாவோடு ஓர் உத்தியோகத்தர் எங்களுடன் நடக்க வருவாரானால், அவருக்கும் தேத்தண்ணி கொண்டுவரும்படி காக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.