செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வாரச் சம்பளமும் வட்டிக் கணக்கும்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கமுங்க.

வாரச் சம்பளக் குடும்பங்களின் சிக்கனத்துக்கென உள்ள நம் சங்கத்தில் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நடந்த பணிகளை இந்த அறிக்கையில் வைக்கிறேன். சங்கத்தின் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் கடைசி ஞாயிறு நடந்தன. தேதிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் இருப்பதால் அதைப் படித்து நேரத்தைக் கழிக்கவில்லை.

சிக்கனம் என்றதும் காய்கறிப் பையிலும் கடுகு டப்பாவிலும் கை வைப்பதுதான் நம் பழக்கம். குழு பார்த்த வரையில் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது அந்தச் செலவு அல்ல. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் தீபாவளி, பங்குனியில் பெரிய மாரியம்மன் நோம்பி, மச்சான் வீட்டுச் சீர் என்று வரும் என்று தெரிந்தே வரும் செலவுகள்தான். இவற்றுக்கு முன்கூட்டி எடுத்து வைக்காமல், நாள் நெருங்கியதும் வார வட்டிக்காரரைத் தேடுகிறோம். ஆகவே இந்த ஆண்டு முழுக்க இரண்டு விஷயத்தை மட்டுமே பேசுவது என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது. ஒன்று, சனிக்கிழமைச் சம்பளத்தைப் பிரிப்பது. மற்றொன்று, வாங்கிய கடனின் உண்மையான வட்டியைக் கண்டுபிடிப்பது.

தறி, சாயப்பட்டறை, பனியன் கம்பெனி என்று நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளம் வாரக் கணக்கு; வாடகை, பால், கேபிள் எல்லாம் மாதக் கணக்கு. இந்த இரண்டும் ஒட்டாமல் போவதில்தான் முதல் ஓட்டை. நாம் கடைப்பிடித்த முறை இதுதான்: எந்த மாதமானாலும் நான்கு சனிக்கிழமைதான் என்று வைத்துக் குடும்பம் நடத்துவது. வாடகை 6,000 என்றால் ஒவ்வொரு சனியும் 1,500 எடுத்து உறையில் போட்டுவிட வேண்டும். ஆண்டுச் செலவையும் அதே போலப் பிரிக்கலாம். உதாரணத்துக்கு, பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் 18,000, தீபாவளி 10,000, நோம்பியும் சீரும் 12,000, வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 4,000, மழைக்காலக் காய்ச்சல் செலவு 4,000. ஆக மொத்தம் 48,000. இதை 48 சனிக்கிழமைக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஆயிரம். ஆயிரம் முடியாத வீடு முதலில் தீபாவளியைக் குறைத்துப் பார்க்கட்டும், பள்ளிக் கட்டணத்தை அல்ல.

ஆண்டில் நான்கு மாதம், சில ஆண்டுகளில் ஐந்து மாதம், ஐந்து சனிக்கிழமை வரும். அறிக்கை ஆண்டில் ஜூன், ஆகஸ்ட், நவம்பர், மார்ச் அப்படி வந்தன. 2025–26இல் மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி. காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஐந்தாம் சனியை 'அதிகப்படி வந்த காசு' என்று பிரியாணிக்கு விட்டவர்கள் தீபாவளி முடிந்ததும் திண்டாடினார்கள். காரணம் எளிது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தறி நின்றால் அந்த வாரச் சம்பளம் கிடையாது. ஐந்தாம் சனியில் பாதி அந்த ஓட்டையை நிரப்பவே போய்விடும். மீதிதான் அவசரக் கையிருப்பு. 52 வாரம் என்பது காலண்டருக்குத்தான், தறிக்கு இல்லை.

எடுத்து வைக்கும் பணம் வீட்டு அரிசிப் பானையில் இருந்தால் வீட்டிலேயே கரைந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். 6.7 சதவீத வட்டியில் மாதம் 1,000 போட்டால் ஐந்தாண்டு முடிவில் 71,366 ரூபாய் கிடைக்கும். ஒரு தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம்; நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் உயிர்ப்பிக்க வேண்டும். மூன்றாண்டு கழித்து இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். ஆனால் 12 தவணை கட்டிய பிறகு இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். அதன் வட்டி வைப்பு வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல். வெளியில் மூணு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு, வாங்குவதற்கு முன் இந்த வழி இருக்கிறதென்று பலருக்கும் தெரியவில்லை. ஆனாலும் போட்ட பணம் இடையில் முழுசாகக் கைக்கு வராது என்பதால், ஆண்டுக்குள் தேவைப்படும் பள்ளிக் கட்டணப் பணத்தை இதில் போட வேண்டாம். அதற்குச் சாதாரண சேமிப்புக் கணக்கே போதும்.

தீபாவளிச் சீட்டு பற்றி ஒரு வார்த்தை. வாரா வாரம் கட்டி, கடைசியில் பலகாரமும் பாத்திரமும் வாங்கும் அந்த ஏற்பாட்டில் ரசீது சட்டப்படி எங்கும் பதிவாவதில்லை. நடத்துபவர் ஐப்பசிக்கு முன் கடையை மூடினால் கேட்க ஆளில்லை. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வழக்கு முடிந்து பணம் வருவதற்குள் எத்தனை தீபாவளி போகுமோ. ஏலச் சீட்டு கட்டுபவர்கள் பதிவான சீட்டா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக் கட்டுங்கள். நடத்துபவரின் கழிவு 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதம் வரை போகலாம்; அந்தக் கழிவின் மீது 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் சீட்டில் 8,260 ரூபாய் அப்படியே கழிகிறது என்று தெரிந்து கட்டினால் சரி.

இனி வட்டி. ஜூலை முதல் நான்கு கூட்டம் இதற்கே சென்றது, சென்றதும் தகும்.

ஒவ்வொருவரும் ஒரு தாளில் கடன்களை எழுத வேண்டும்: யாரிடம், என்றைக்கு, கைக்கு வந்த தொகை எவ்வளவு, இதுவரை கட்டியது, மிச்சம், தவறினால் எது போகும். 'கைக்கு வந்த தொகை' என்ற பத்தியில்தான் சூட்சுமம். பத்து வாரத் தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் என்பார்கள், 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள், வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். 'பத்து வாரத்துக்கு 1,500 தானே' என்று தோன்றும். ஆனால் முதல் வாரமே ஆயிரம் திரும்பிப் போகிறது. சராசரியாகப் பார்த்தால் பணம் நம் கையில் இருப்பது ஐந்தரை வாரம். கணக்குப் போட்டால் வாரத்துக்கு நூற்றுக்கு 3 ரூபாய்க்கு மேல், அதாவது மாதம் 13 வட்டி, ஆண்டுக்கு 160 சதவீதம் வருகிறது. மூணு வட்டியே 36 சதவீதம் என்று பயப்படுகிற நாம் இதைச் சர்வசாதாரணமாக வாங்குகிறோம்.

வண்டிக் கடனில் வேறு விதம். 'பத்து சதவீதம்தான்' என்று சொல்லி, ஒரு லட்சத்துக்கு இரண்டு ஆண்டு வட்டி 20,000 சேர்த்து, 24 மாதம் 5,000 வீதம் போடுவார்கள். முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போட்டிருக்கிறார்கள் என்பதால் உண்மை வட்டி 18 சதவீதம். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: 'மிச்சத் தொகைக்கு வட்டியா, முழுத் தொகைக்கு வட்டியாங்க?' 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் புதிய சில்லறைக் கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு: குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு மாதம் மூன்றரை சதவீதம் அளவுக்கு ஓடுகிறது. கார்டு வட்டிக்கு ஆண்டுக்கு 30 சதவீதம் என்ற உச்சவரம்பு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ரத்தாகிவிட்டதால், அதை நம்பியிருக்க வேண்டாம்.

மகளிர் குழுக் கடனில் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 முதல் உள்ள விதி. முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் இல்லை. ஆனால் வருமானத்தைக் கூட்டி எழுதிக் கொடுத்தால் விதி எப்படிக் காப்பாற்றும்? விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் வாசலில் நிற்கும்போதே உண்மையான வருமானத்தை அக்காமார் சொல்லிவிடுவது நல்லது.

கடனை அடைக்கும் வரிசை அதிக வட்டியிலிருந்து தொடங்க வேண்டும். நகை மூழ்கும் தேதி நெருங்கினால் மட்டும் அது முதலில். ஒரு லட்சம் மூணு வட்டிக்கு ஆண்டுக்கு 36,000. அதே தொகை வங்கியில் நகைக் கடனாக 9 அல்லது 10 சதவீதத்தில் பத்தாயிரத்துக்குள். நகையை வைத்து மூணு வட்டியை அடைப்பதைக் கௌரவக் குறைவாக நினைப்பது நமக்குக் கட்டுப்படியாகாது. இதில் கெடுவது ஒரே இடத்தில்: மிச்சமாகும் 26,000 நகையைத் திருப்பப் போகாமல் புது செல்போனுக்குப் போகிறது. மாதம் மாதம் அந்த வித்தியாசத்தை நகைக் கடனிலேயே வரவு வைத்துவிட வேண்டும். எட்டுப் பவுனை ஒரே அடகுச் சீட்டில் வைக்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று சீட்டாக வைத்தால் கையில் வந்த பணத்துக்கு ஒரு வளையலையாவது திருப்பலாம்.

2024 செப்டம்பர் 30 அன்று நகைக் கடன் குறைபாடுகளைச் சுட்டி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்ட பிறகு, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைப்பது பல இடங்களில் நின்றுபோனது. அசலையும் கட்டித்தான் மறு அடகு. இதற்காக ஒரு நாள் கைமாற்று கொடுத்துக் கமிஷன் வாங்க ஆட்கள் முளைத்திருக்கிறார்கள். முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே ஒரு பகுதி அசலைக் குறைத்துவிட்டால் அவர்களிடம் போக வேண்டியதில்லை. பவுன் விலை 2025 ஜனவரி 22இல் 60,000 ரூபாயைத் தாண்டியது. விலை ஏறிய தைரியத்தில் கூடுதல் கடன் எடுப்பது வேறு, பழைய கடனை அடைப்பது வேறு என்பதைக் குழு திரும்பத் திரும்பச் சொன்னது.

ஜாமீன் கையெழுத்து போடுகிறவர் சாட்சி அல்ல. கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் அவருக்கும் உண்டு என்கிறது ஒப்பந்தச் சட்டம். நிரப்பாத புரோநோட்டிலும் செக்கிலும் கையெழுத்துப் போட்டால் தொகையை எழுதுவது அவர்கள் விருப்பம். கட்டும் ஒவ்வொரு தொகையையும் நோட்டின் பின்புறம் வரவு வைக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் நோட்டையும் செக்கையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். தறி முன்பணமும் கடன்தான். அதையும் தாளில் எழுத வேண்டும். கையெழுத்துப் போடுவது ஆண்கள், தவணைக்காரருக்குப் பதில் சொல்வது வீட்டம்மாக்கள். ஆனால் கூட்டத்துக்கு வருவதும் வீட்டம்மாக்கள்தான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சமையலறைப் பக்கம் சுருக்கமாக. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25 ரூபாய். மே, ஜூனில் பருப்பும் பாமாயிலும் தாமதமானபோது அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பைத் தவறவிட்டவர்கள் உண்டு. ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தையில் கடை எடுக்கும் நேரத்துக்குப் போனால் விலை இறங்கும், காயும் வாடியிருக்கும்; அன்றைக்கே சமைப்பதை மட்டும் வாங்க வேண்டும்.

கடலை எண்ணெய் கூட்டாக ஆட்டியதில் கற்றது நிறைய. பத்துக் கிலோ பருப்புக்கு நான்கு லிட்டர் அளவில் எண்ணெய், மீதி பெரும்பாலும் புண்ணாக்கு. மாடு வைத்திருப்பவருக்குப் புண்ணாக்கை விற்றால் ஆட்டுக்கூலிக்கு ஆகும். பருப்பை ஒரு நாள் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் கலங்கி, சீக்கிரம் காறல் அடிக்கும். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய பருப்பைக் கையால் பொறுக்கி எறிவதில் சோம்பல் கூடாது. அது உடம்புக்கு விஷம். ஆட்டிய எண்ணெயை மூன்று நான்கு நாள் தெளியவிட்டு, மேலாக வடித்து எவர்சில்வர் தூக்கில் வைக்கலாம். புளி, மிளகாய் ஆண்டுக் கொள்முதலும் செய்தோம். ஒரு எச்சரிக்கை: விலை ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று மூணு வட்டிக்குக் கடன் வாங்கிப் புளி வாங்கினால், ஒன்பதாம் மாதத்திலேயே வட்டி அந்த லாபத்தை விழுங்கிவிடும்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டிய எண் 500. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கட்டணம் பாதி. 501 ஆனால் அந்தச் சலுகை போகும், அந்த ஒரு யூனிட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் கூடும். ரீடிங் எடுத்த முப்பதாம் நாள் மீட்டரைப் பாருங்கள். 250 தாண்டியிருந்தால் அடுத்த மாதம் பிடித்துச் செலவழிக்கலாம். 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதில் 35 வாட் பிஎல்டிசி மின்விசிறி, நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் 36 யூனிட் மிச்சம். முதலில் கூடத்து மின்விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

சீக்குச் செலவுக்கு: ஆண்டுக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் உயிர்க் காப்பீடும் மே கடைசியில் வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படும், அன்று இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000க்குள் உள்ளவர்கள் முதல்வரின் காப்பீட்டு அட்டையைக் கட்டாயம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு அலைவது கடினம். பிப்ரவரி 24இல் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருந்தின் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

வரும் ஆண்டுக்குக் குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. கடன் தாள் எழுதாதவருக்குக் கூட்டுக் கொள்முதலில் பங்கில்லை. ஜாமீன் போடுவதற்கு முன் உறுப்பினர் குழுவிடம் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மே மாத ஐந்தாம் சனியை, அதாவது 31ஆம் தேதியை, பள்ளிக் கட்டணத்துக்கென ஒதுக்குவது. மூன்றையும் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்